கூண்டில் நின்றவர்களின் வாதம்: ரோமப் பேரரசில் கிறிஸ்தவத் தற்காப்புரைகள்

'அப்பாலஜி' என்றால் இன்று மன்னிப்பு. ஆகவே ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர்களை 'அப்பாலஜிஸ்ட்டுகள்' என்று யாராவது குறிப்பிட்டால், ஏதோ தவறு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் போலிருக்கிறது என்று வாசகர் நினைத்துக்கொள்வது இயல்பு. விஷயம் நேர்மாறானது. கிரேக்க மொழியில் 'அப்போலொகியா' என்பது நீதிமன்றச் சொல். வாதி பேசி முடித்தபின் பிரதிவாதி எழுந்து தன் தரப்பை எடுத்துரைப்பதற்கு அந்தப் பெயர். கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரட்டீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய உரைக்கும் அதுவே பெயர். அதில் மன்னிப்பு மருந்துக்கும் கிடையாது.

இந்த நூல்களைப் பற்றி இன்று நடக்கும் சண்டைகளில் பாதி, அவற்றை மத போதனையாகப் படிப்பதால் வருவது. அவற்றில் பல, உயிருக்கு ஆபத்து இருந்தபோது எழுதப்பட்ட வழக்குரைகள். யார் யாரைக் குற்றம் சாட்டினார்கள், எந்தச் சட்டத்தின்கீழ் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாதத்தை மட்டும் எடைபோட முடியாது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பினரைப் 'பேகன்' என்கிறார்கள். நம்முடைய பழைய கிறிஸ்தவ நூல்களில் 'அஞ்ஞானிகள்', 'புறஜாதியார்' என்று வரும். லத்தீனில் 'பாகானுஸ்' என்றால் நாட்டுப்புறத்தான். இந்த மதப்பொருள் அதற்கு ஏறியது 4ஆம் நூற்றாண்டில், அதுவும் கிறிஸ்தவர்கள் வாயில். கோயிலுக்குப் போய்ப் பலி கொடுத்த ரோமர் எவரும் தன்னை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. தன் ஊர்த் தெய்வத்தை முன்னோர் வழியில் கும்பிடுகிறவருக்குத் தனியாக ஒரு மதப்பெயர் தேவைப்படவில்லை. ஆகவே இக்கட்டுரையில் அவர்களை மரபுவழிபாட்டினர் என்றே சொல்கிறேன்.

பிளினியின் குழப்பம்

கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் மீதான விசாரணை எதிலும் தான் இதற்குமுன் இருந்ததில்லை, எதை எந்த அளவுக்குத் தண்டிப்பது என்று தெரியவில்லை என்பதுதான் சாரம். நேர்மையான அதிகாரி எழுதிய கடிதம் அது. அதனால்தான் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

அவர் கடைப்பிடித்த நடைமுறை இது. 'நீ கிறிஸ்தவனா?' என்று கேட்பார். ஆம் என்றால், தண்டனை காத்திருக்கிறது என்று எச்சரித்து இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பார். அப்போதும் ஆம் என்றால் கொலைக்களம். ரோமக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் ரோமுக்கு அனுப்பினார். மறுத்தவர்களுக்கு ஒரு சோதனை: தெய்வச் சிலைகளோடு பேரரசரின் சிலையையும் கொண்டுவரச் செய்து, அதன்முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்துச் சொல்ல வேண்டும். செய்தவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

அவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்? விலகி வந்தவர்களை விசாரித்ததில் கிடைத்த பதில்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு மீண்டும் கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள். நம்பாத பிளினி, அக்கூட்டத்தில் ஊழியர் பொறுப்பிலிருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து பார்த்தார். 'கட்டுக்கடங்காத மூடநம்பிக்கை' என்பதற்கு மேல் எதுவும் அகப்படவில்லை.

டிராஜனின் பதில் சுருக்கமானது:

1. கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம்.
2. யாராவது முறையாகக் குற்றம் சாட்டி அது நிரூபணமானால் தண்டிக்க வேண்டும்.
3. மறுத்து, நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால் மன்னிக்க வேண்டும்.
4. பெயரில்லாத புகார்களை ஏற்கக் கூடாது. அது நம் காலத்துக்கு அழகல்ல.

நான்காவது விதியைப் படிக்கும்போது டிராஜன் மீது மரியாதை வருகிறது. முதல் மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஓட்டை தெரிகிறது. குற்றம் என்ன? செயலா, பெயரா? செயல் குற்றமென்றால் மறுத்தவுடன் எப்படி மன்னிக்க முடியும்? கொலை செய்தவன் 'இனி நான் கொலைகாரனல்ல' என்றால் விட்டுவிடுவார்களா? அடுத்த நூறாண்டுகளின் தற்காப்புரைகள் இந்த ஓட்டைக்குள்தான் நுழைகின்றன.

ரோமர்கள் ஏன் கோபப்பட்டார்கள்?

கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ரோமருக்கு வழிபாடு என்பது உள்ளத்தின் நம்பிக்கையைவிட ஊரின் கடமை. தெய்வங்களுக்குச் சேர வேண்டியதைச் செலுத்தினால் மழை பெய்யும், படை வெல்லும். ஒருவன் செலுத்த மறுத்தால் அவன் ஒருவனுக்கு மட்டும் தீங்கல்ல, ஊருக்கே தீங்கு. யூதர்களும்தான் மறுத்தார்கள், ஆனால் அவர்களுடையது முன்னோர் வழி, பழைமையானது என்று ரோம் சகித்துக்கொண்டது. கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பழைமையும் இல்லை. யூத வழியிலிருந்தும் விலகியவர்கள், ஊர் வழியையும் ஏற்காதவர்கள்.

177 வாக்கில் மார்க்கஸ் அவுரேலியஸுக்கும் அவர் மகன் கொமோதுஸுக்கும் விண்ணப்பம் எழுதிய கிறிஸ்தவத் தத்துவவாதி அத்தேனகோரஸ், மக்கள் வாயில் புழங்கிய குற்றச்சாட்டுகளை மூன்றாக அடுக்குகிறார்:

1. நாத்திகம். கோயில் இல்லை, சிலை இல்லை, பலி இல்லை; அப்படியானால் கடவுளும் இல்லை.
2. நரமாமிசம். கூட்டத்தில் 'உடலையும் இரத்தத்தையும்' உண்கிறார்களாம்.
3. தகாத உறவு. ஒருவரையொருவர் 'சகோதரா', 'சகோதரி' என்று அழைத்துக்கொண்டே முத்தமிட்டுக்கொள்கிறார்களாம்.

பின்னிரண்டும் எங்கிருந்து முளைத்தன என்பது வெளிப்படை. அப்பத்தையும் மதுவையும் கிறிஸ்துவின் உடல், இரத்தம் என்று சொல்லும் திருவிருந்தின் சொற்கள் சுவருக்கு வெளியே நின்று கேட்பவன் காதில் அப்படித்தான் விழும். அத்தேனகோரஸின் பதில் கூர்மையானது: வாள்சண்டை வீரர்கள் சாவதை வேடிக்கை பார்ப்பதே கொலைக்கு நிகர் என்று அரங்கத்துக்குப் போகாதவர்கள் நாங்கள், கருவைக் கலைப்பதையே கொலை என்கிறவர்கள், நாங்களா மனிதரைக் கொன்று தின்போம்?

ஜஸ்டினின் மனு

இவ்வகை எழுத்தை ஒரு முறையாக வளர்த்தவர் ஜஸ்டின். சமாரியாவின் பிளாவியா நெயாப்போலிஸில், அதாவது இன்றைய நாப்லுஸில் பிறந்தவர். தத்துவப் பள்ளிகள் பலவற்றில் ஏறி இறங்கிக் கடைசியில் கிறிஸ்தவரானார். ஆனாலும் தத்துவ ஆசிரியர்கள் அணியும் மேலங்கியைக் கழற்றவில்லை. 155 வாக்கில் ரோமிலிருந்து பேரரசர் அந்தோனினுஸ் பயஸுக்கு மனு வடிவில் தன் தற்காப்புரையை எழுதினார்.

அவர் எடுத்த முதல் அடி சட்டத்தின் பக்கம்: பெயரைத் தண்டிக்காதீர்கள், செயலை விசாரியுங்கள். இரண்டாவது அடியில்தான் அவருடைய சாமர்த்தியம். நாத்திகர் என்கிறீர்களா? ஆம், நீங்கள் சொல்லும் இந்தத் தெய்வங்களைப் பொறுத்தவரை நாத்திகர்தான் என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு சாக்ரட்டீஸைச் சாட்சிக்கு இழுக்கிறார். அவரையும் இதே குற்றத்துக்காகத்தானே கொன்றீர்கள்? 'லோகோஸ்' என்றால் பகுத்தறிவு, சொல் இரண்டும்தான். அந்த லோகோஸ் எல்லா மனிதருக்குள்ளும் விதையாகக் கிடக்கிறது, முழுமையாக வெளிப்பட்டது கிறிஸ்துவில் என்பது ஜஸ்டினின் கொள்கை. ஆகவே லோகோஸின் வழி வாழ்ந்த சாக்ரட்டீஸும், அவருக்கு முந்திய கிரேக்கத் தத்துவவாதி ஹெராக்ளீட்டஸும், நாத்திகர் என்று பெயரெடுத்திருந்தாலும், கிறிஸ்தவர்களே என்கிறார்.

இது இருபுறமும் கூரான கத்தி. 'நாங்கள் புதியவர்கள் அல்ல, உங்கள் அறிஞர்களுக்குள்ளேயே இருந்தவர்கள்' என்று பழைமையை ஒரே தாவலில் எட்டிப் பிடிக்கிறது. கூடவே, சாக்ரட்டீஸின் சம்மதம் கேட்காமல் அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்கிறது. இந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் அபகரிப்பும் கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

வதந்தியைக் கொல்ல ஜஸ்டின் செய்த இன்னொரு காரியம், மூடிய கதவைத் திறந்துவிட்டது. ஞாயிறுதோறும் நகரத்தவரும் கிராமத்தவரும் ஓரிடத்தில் கூடுவது, அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளையோ இறைவாக்கினரின் எழுத்தையோ நேரம் இருக்கும்வரை வாசிப்பது, தலைவர் அறிவுரை சொல்வது, எல்லோரும் எழுந்து செபிப்பது, பிறகு அப்பமும் திராட்சை மதுவும் தண்ணீரும் வருவது, வராதவர்களுக்கு ஊழியர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது, வசதியுள்ளவர்கள் கொடுக்கும் காசு அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் கிடப்பவர்களுக்கும் போவது என எல்லாவற்றையும் எழுதிவைத்தார். இன்று ஞாயிறு பூசைக்குப் போகும் எவருக்கும் அந்த வரிசை பழகியதாகத் தெரியும். 2ஆம் நூற்றாண்டின் வழிபாட்டைப் பற்றி நமக்குக் கிடைத்த மிக விரிவான இந்த விவரிப்பு, பக்தர்களுக்காக எழுதப்பட்டதல்ல. சந்தேகப்பட்ட அரசுக்குக் கொடுத்த வாக்குமூலம்.

மனு பலிக்கவில்லை. 165 வாக்கில் நகர ஆளுநர் ஜூனியுஸ் ருஸ்திக்குஸ் முன் ஜஸ்டின் ஆறு தோழர்களோடு நிறுத்தப்பட்டார், பலி கொடுக்க மறுத்தார், தலை போயிற்று. அந்த ருஸ்திக்குஸ், மார்க்கஸ் அவுரேலியஸுக்கே ஆசானாக இருந்த ஸ்டோயிக் தத்துவவாதி. தத்துவவாதியின் மேலங்கி அணிந்தவருக்கு மரண தண்டனை கொடுத்தவரும் தத்துவவாதிதான்.

கார்த்தேஜிலிருந்து ஒரு சண்டைக்காரர்

ஜஸ்டின் கெஞ்சியும் விளக்கியும் எழுதினார் என்றால், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து 197இல் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குறுக்கு விசாரணை செய்தார். டிராஜனின் விதியிலிருந்த ஓட்டையை அவர் பிடித்த பிடி அலாதியானது: நிரபராதிகள் என்பதால் தேடாதே என்கிறாய், குற்றவாளிகள் என்பதால் தண்டி என்கிறாய். மற்றக் குற்றவாளிகளை ஒப்புக்கொள்ள வைக்கச் சித்திரவதை செய்கிறீர்கள். எங்களை மட்டும் மறுக்க வைக்கச் சித்திரவதை செய்கிறீர்கள். நீதிபதி பொய்யைக் கேட்டு வாங்கும் ஒரே வழக்கு இதுதான்.

அவருடைய இன்னொரு பத்தி இன்றும் மேற்கோளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. டைபர் ஆறு மதில்வரை ஏறினால், நைல் வயல்வரை ஏறாவிட்டால், வானம் பொய்த்தால், பூமி அதிர்ந்தால், பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால், உடனே 'கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு' என்று கூச்சல் எழுகிறதாம். கேட்டுவிட்டு, 'இத்தனை பேரையும் ஒரே சிங்கத்துக்கா?' என்கிறார்.

ஊரோடு ஒட்டாதவர்கள் என்ற புகாருக்கு அவர் சொன்ன பதிலில் இந்தியாவும் தலைகாட்டுகிறது. நாங்கள் பிராமணர்களோ, காட்டில் வாழும் இந்திய நிர்வாணத் துறவிகளோ அல்ல; உங்கள் சந்தையில், பொதுக் குளியல்கூடத்தில், கடையில், சத்திரத்தில் உங்களோடுதான் இருக்கிறோம்; உங்களோடு கப்பலேறுகிறோம், படையில் சேருகிறோம், உழுகிறோம், வியாபாரம் செய்கிறோம் என்றார். துறவு என்றவுடன் ரோமருக்கு நினைவுக்கு வரும் உதாரணம் இந்தியாவாக இருந்திருக்கிறது.

செல்சஸ்: வதந்தியை விட்டு வாதத்துக்கு வந்தவர்

இதுவரை பார்த்த குற்றச்சாட்டுகள் தெருவில் பிறந்தவை. 178 வாக்கில் செல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் 'மெய்யுரை' என்ற நூலை எழுதியபோதுதான் கிறிஸ்தவத்துக்குத் தகுதியான எதிராளி கிடைத்தார். நரமாமிசக் கதைகளைக் கையிலெடுத்து அவர் நேரத்தை வீணாக்கவில்லை. கிறிஸ்தவ நூல்களைப் படித்துவிட்டு வந்தார். நூலின் முற்பகுதியில் ஒரு யூதர் பேசுவதுபோல அமைத்து, 'உங்கள் தாய்வீட்டுக்காரனே உங்களை ஏற்கவில்லை பார்' என்று காட்டுகிறார். பிறகு தன் குரலில் பேசுகிறார். அவருடைய முக்கியமான அடிகள் இவை:

1. ஆராயாமல் நம்பச் சொல்கிறார்கள். 'கேள்வி கேட்காதே, நம்பு' என்பதே அவர்கள் மந்திரம்.

2. படிக்காதவர்களைப் பிடிக்கிறார்கள். இந்த இடத்தில் செல்சஸ் ஒரு காட்சியே வரைகிறார். கம்பளி வேலைக்காரரும் செருப்புத் தைப்பவரும் துணி வெளுப்பவரும், வீட்டுப் பெரியவர்கள் முன் வாயைத் திறக்கமாட்டார்கள். குழந்தைகளும் பெண்களும் தனியாக அகப்பட்டால் போதும், 'அப்பா சொல்வதையும் வாத்தியார் சொல்வதையும் கேட்காதே, எப்படி வாழ்வது என்று எங்களுக்குத்தான் தெரியும்' என்று தொடங்குவார்கள். ஆசிரியர் வருவது தெரிந்தால் பயந்தவன் நழுவுவான்; துணிந்தவன், 'இங்கே பேச முடியாது, கம்பளிக் கடைக்கு வா' என்று காதில் சொல்வான்.

3. கடவுள் ஏன் இறங்கிவர வேண்டும்? பூமியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? இத்தனை காலம் கழித்து, உலகின் ஒரு மூலைக்கு மட்டும் ஏன்?

4. உயிர்த்தெழுந்தவர் தன்னைத் தண்டித்தவர்கள் முன்னல்லவா தோன்றியிருக்க வேண்டும்? மரணத்தை எல்லோரும் பார்க்க, உயிர்ப்பைச் சிலர் மட்டும் பார்ப்பானேன்?

5. ஒரே கடவுளைத் தவிர வேறெவரையும் வணங்கமாட்டோம் என்கிறார்கள். ஆனால் நேற்று வந்த ஒரு மனிதரை அளவுமீறி வணங்குகிறார்கள்.

6. எல்லோரும் உங்களைப்போல ஒதுங்கிவிட்டால் பேரரசரைக் காப்பது யார்? நாடு காட்டுமிராண்டிகள் கைக்குத்தானே போகும்?

மனிதருக்காகவே உலகம் படைக்கப்பட்டது என்ற எண்ணத்தைக் கேலி செய்யும்போது செல்சஸின் நடை உச்சத்துக்குப் போகிறது. யூதரும் கிறிஸ்தவரும் சகதியைச் சுற்றி மாநாடு போடும் தவளைகள். 'கடவுள் வானத்தையும் பூமியையும் விட்டுவிட்டு நம்மோடுதான் இருக்கிறார்' என்று கத்துகின்றனவாம்.

அந்த இரண்டாவது அடியைப் பற்றி ஒரு வார்த்தை. அது வாதமே அல்ல, வர்க்கத் திமிர். செருப்புத் தைப்பவன் சொன்னால் உண்மை பொய்யாகிவிடாது. ஆனால் ஒரு வரலாற்றாசிரியனுக்கு செல்சஸ் எழுதியதிலேயே தங்கம் அந்தப் பத்திதான். இந்த மதம் எப்படிப் பரவியது என்பதை, மேடைப் பிரசங்கம் இல்லாமல், கடைக்குப் பின்கட்டில், தொழிலாளிகள் வழியாக, பெண்கள் வழியாக என்று நேரில் பார்த்த எரிச்சலோடு எழுதிவைத்திருக்கிறார்.

ஒரிஜனின் பதில்: வரிக்கு வரி

செல்சஸுக்குப் பதில் வர எழுபது ஆண்டு ஆயிற்று. அலெக்சாந்திரியாவில் பிறந்து பாலஸ்தீனத்தின் செசரியாவில் குடியேறியிருந்த கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜன், 248 வாக்கில், தன் புரவலர் அம்புரோஸ் கேட்டுக்கொண்டதால் எழுதினார். எழுதவே விருப்பமில்லை என்று முன்னுரையில் சொல்கிறார்: பொய்ச்சாட்சிகள் முன் இயேசு மௌனமாக நின்றார், அவருடைய வாழ்க்கையே பதில், இந்நூல் விசுவாசத்தில் தளர்ந்தவர்களுக்கும், இன்னும் அதைச் சுவைத்துப் பார்க்காதவர்களுக்கும்தான்.

முதலில் முக்கியக் கருத்துகளை மட்டும் குறித்துச் சுருக்கமாகப் பதில் எழுதிப் பிறகு விரிவாக்கலாம் என்று தொடங்கினார். செல்சஸின் யூதர் பேசத் தொடங்கும் இடம் வந்ததும் திட்டத்தை மாற்றிக்கொண்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். அதன்பின் செல்சஸின் வாக்கியத்தை எடுத்து எழுதுவது, அதற்குக் கீழே பதில், அடுத்த வாக்கியம், அடுத்த பதில். எட்டு நூல்கள். இந்த மாற்றம்தான் பின்னால் பெரிய காரியம் செய்தது.

பதில்களில் வலுவானவை மூன்று.

முதலாவது, நம்பிக்கை பற்றியது. எல்லோருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தத்துவம் படிக்க நேரம் கிடைக்குமா? கடலில் கப்பலேறுபவன், பெண்ணெடுப்பவன், நிலத்தில் விதைப்பவன் எல்லோரும் நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கையில்தானே இறங்குகிறார்கள்? தத்துவவாதியே எல்லாப் பள்ளிகளையும் அலசிப் பார்த்துவிட்டா ஒன்றில் சேர்ந்தான்? ஏதோ ஓர் ஆசிரியர்மேல் நம்பிக்கை வைத்துத்தான் சேர்ந்தான். ஆராயக்கூடியவர்கள் ஆராயட்டும், முடியாதவர்களைத் திருந்தாமல் விட்டுவிடுவதா என்பது அவர் கேள்வி.

இரண்டாவது, பாவிகளை அழைப்பது பற்றியது. மற்ற மறைச்சடங்குகளில் 'தூய கையுள்ளவன் வரட்டும்' என்பார்கள், இவர்களோ 'பாவி வா' என்கிறார்கள் என்பது செல்சஸின் கேலி. மருத்துவமனை வாசலில் நின்று நோயாளியை அழைப்பது வேறு, குணமானவனை உள்ளே உயர்ந்த பாடத்துக்கு அழைப்பது வேறு. இரண்டும் எங்களிடம் உண்டு என்கிறார் ஒரிஜன்.

மூன்றாவது, இரட்டை அளவுகோல். வேதக் கதைகளுக்கு வெட்கப்பட்டு உருவகப் பொருள் சொல்லித் தப்பிக்கிறார்கள் என்கிறார் செல்சஸ். ஹோமர், ஹெசியோட் கதைகளில் தெய்வங்கள் செய்யும் கூத்துகளுக்கு உங்கள் அறிஞர்கள் செய்வது மட்டும் என்னவாம்? உங்களுக்கு உருவகம், எங்களுக்குப் பித்தலாட்டமா?

எல்லாப் பதில்களும் இந்தத் தரத்தில் இல்லை. முன்னறிவிப்புகள் நிறைவேறின என்ற வாதம், அந்த முன்னறிவிப்பு நூலை ஏற்கெனவே மதிப்பவனிடம் மட்டுமே எடுபடும். சில இடங்களில் செல்சஸின் ஒரு வரிக்குப் பல பக்கம் வருகிறது. விளக்கம் நீண்டால் கேள்வி மங்கிவிடும் என்பது ஒரிஜனுக்குத் தெரியாததல்ல. உயிர்த்தெழுந்தவர் ஏன் எல்லோருக்கும் தோன்றவில்லை என்பதற்கு, பார்க்கும் தகுதி எல்லோர் கண்ணுக்கும் இல்லை என்ற ரீதியில் பதில் சொல்கிறார். அதை நம்புகிறவர் ஏற்பார், செல்சஸ் ஏற்றிருக்கமாட்டார்.

ஆறாவது அடிக்கு, அதாவது நாட்டைக் காப்பது பற்றிய கேள்விக்கு, ஒரிஜன் கொடுத்த பதில் தனி ரகம். உங்கள் கோயில் பூசாரிகளின் கையில் இரத்தம் படக்கூடாது என்று அவர்களைப் போருக்கு அனுப்புவதில்லை அல்லவா? நாங்கள் அனைவருமே பூசாரிகள்தாம். பேரரசருக்காகச் செபத்தால் போரிடுகிறோம். அவரே கட்டாயப்படுத்தினாலும் அவர்கீழ் வாளெடுக்கமாட்டோம். ஐம்பது ஆண்டுக்குமுன் தெர்த்துல்லியன் 'உங்களோடு படையில் சேருகிறோம்' என்றதை இத்துடன் வைத்துப் பாருங்கள். ஆதிக் கிறிஸ்தவம் போரைப் பற்றி ஒரே குரலில் பேசியது என்று யார் சொன்னாலும், அந்த இருவரில் ஒருவரை அவர் படிக்கவில்லை என்று பொருள்.

248இல்தான் ரோம் தன் ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. அடுத்துப் பேரரசரான தேசியுஸ், பேரரசில் அனைவரும் பலி செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். செலுத்தியதற்குச் சான்றிதழ் உண்டு. 250ஆம் ஆண்டின் அத்தகைய பாப்பிரஸ் துண்டுகள் எகிப்து மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. முதுமையிலிருந்த ஒரிஜனைச் சிறையிலடைத்துக் கால்களைக் கட்டையில் மாட்டி இழுத்தார்கள். உயிர் போகாமல் வதைத்து விட்டார்கள். சில ஆண்டுகளில் இறந்தார்.

மறுத்தவர் காப்பாற்றியது

செல்சஸின் 'மெய்யுரை'யின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. ஆனாலும் அதன் பெரும்பகுதியை அவர் எழுதிய சொற்களிலேயே படிக்கிறோம், ஒரிஜன் வரிக்கு வரி எடுத்து எழுதியதால். ஒரிஜன் தன் முதல் திட்டப்படி சுருக்கமாக மறுத்திருந்தால் செல்சஸ் வெறும் பெயராகியிருப்பார். பரபக்கத்தை, அதாவது எதிர்த்தரப்பை, சொல்லிவிட்டுச் சுபக்கத்தை, அதாவது தன் தரப்பை, நிறுவுகிற முறை நமக்குப் புதிதல்ல. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி தொலைந்துபோனது. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி நின்றது. குண்டலகேசியின் வாதத்தை அறிய அதை எதிர்த்த நூலையும் அதன் உரையையும் நாட வேண்டியிருக்கிறது.

தீரு நகரத்துத் தத்துவவாதி போர்ஃபிரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'கிறிஸ்தவர்களுக்கு எதிராக' என்று பதினைந்து நூல்கள் எழுதினார். செல்சஸைவிடக் கூர்மையானவர், கேலியைக் குறைத்து நூலாய்வில் இறங்கினார். பாபிலோன் காலத்தில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் தானியேல் நூல் உண்மையில் கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சிரியாவை ஆண்ட கிரேக்க அரசன் அந்தியோகு எப்பிபானெஸ் யூதர்களை ஒடுக்கியபோது எழுதப்பட்டது. நடந்து முடிந்ததை எழுதிவிட்டு முன்னறிவிப்பு என்கிறார்கள் என்றார். இன்றைய வேதாகம ஆய்வாளர்களில் பெரும்பாலோர் நூலின் காலத்தைப் பொறுத்தவரை அவர் பக்கம்தான்.

அவருக்கு மறுப்பு எழுதியவர்கள் மெத்தோடியுஸ், செசரியாவின் எவுசேபியுஸ், லவோதிக்கேயாவின் அப்போலினாரிஸ். கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைன் போர்ஃபிரியின் நூல்களை அழிக்கச் சொன்னார். 448இல் இரண்டாம் தியோடோசியுஸ் காலத்தில் எரிக்கச் சொல்லி மறுபடியும் ஆணை வந்தது. நூலும் போயிற்று, மூன்று மறுப்புகளும் போயின. தானியேல் பற்றிய வாதம், பின்னால் வந்த கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் எழுதிய உரையில் மேற்கோளாகத் தங்கியது. பதில் சொல்ல முடியாததால் எரித்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது அவசர முடிவு. பதில்கள் பெருகத்தான் செய்தன. ஆனால் பதில் கையிலிருக்கும்போதே நெருப்பையும் நாடியது, கூண்டிலிருந்தவர்கள் நீதிபதியின் ஆசனத்துக்கு மாறியபின் நடந்தது.

இடம் மாறிய கூண்டு

313இல் கிறிஸ்தவத்துக்குச் சட்ட உரிமை கிடைத்தது. 380இல் முதலாம் தியோடோசியுஸ் அதை அரச மதமாக்கினார். 382இல் பேரரசர் கிரேசியன், ரோமச் செனட் மண்டபத்திலிருந்த வெற்றித் தெய்வத்தின் பலிபீடத்தை அகற்றினார். அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கோயிலில் தொண்டு செய்த கன்னியர்களுக்கான அரசு மானியத்தையும் நிறுத்தினார். 384இல் ரோம் நகர ஆளுநர் சிம்மாக்கஸ், பேரரசர் இரண்டாம் வாலன்டினியனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். இப்போது தற்காப்புரை எழுத வேண்டிய முறை மரபுவழிபாட்டினருக்கு.

அவர் கேட்டது கொஞ்சம்தான். ஒரே விண்மீன்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம், வானம் பொது, உலகம் ஒன்றே. அவரவர் எந்த அறிவைக்கொண்டு உண்மையைத் தேடினால் என்ன? அவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே பாதையில் போய் அடைந்துவிட முடியாது என்றார். கூடவே, மானியத்தை நிறுத்திய பிறகு விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்ததையும் சுட்டிக்காட்டினார். டைபர் மதிலேறினால் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு என்ற அதே தர்க்கம்தான். இப்போது சிங்கம் இல்லை, பணிவு இருந்தது.

மிலான் ஆயர் அம்புரோஸ் (ஒரிஜனின் புரவலர் அல்ல, வேறொருவர்) விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கி, புள்ளிக்குப் புள்ளி பதில் எழுதினார். நீங்கள் ஊகித்துத் தேடுவதை நாங்கள் கடவுளின் வாயிலிருந்தே அறிந்துவிட்டோம் என்றார். பஞ்சத்துக்கும் பதில் வைத்திருந்தார்: பலிபீடம் திரும்பி வரவில்லையே, இந்த ஆண்டு மட்டும் எப்படி நன்றாக விளைந்தது? சிம்மாக்கஸின் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அம்புரோஸின் கடிதத் தொகுப்பைப் பிரதி எடுத்தவர்கள் அவருடைய பதிலோடு சிம்மாக்கஸின் விண்ணப்பத்தையும் சேர்த்தே எடுத்துவைத்தார்கள். ஒரே பாதை போதாது என்ற வரி அந்தத் தொகுப்பிலும் இருக்கிறது.